தேர்தலுக்குப் போடாத வெடி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரர் செல்வதாஸ், வயது அறுபத்தாறு, முன்னறைக் கட்டிலின் கால்மாட்டில் சுவரைப் பார்த்து. அவர் மனைவி ஞானபாய் அடுக்களை வாசலில், தரையில், முன்னால் ஒரு கூடை மரச்சீனிக் கிழங்கு, கையில் கத்தி. மகன் ஷாஜன் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் தாடையை வைத்து. ஞானபாயின் தம்பி டைட்டஸ், சபைக் கமிட்டிச் செயலாளர், அந்த வீட்டின் ஒரே கைவைத்த நாற்காலியில். ஷாஜனின் மனைவி ஜாஸ்பின் ஜன்னலோர பெஞ்சில், வலது கையை ஒரு வெள்ளைத் துணியின்மேல் மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. ஆறாவது ஆள் நான். தாணுமாலயன், தக்கலையில் தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதுகிறவன். தையல் மிஷின் பலகையை மேசையாக்கி, அதன்முன் முக்காலியில்.

தோக்கு அங்கே இல்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் அது கிடந்த இரண்டு மரமுளைகள் மட்டும் இருந்தன. ஒன்றில் டைட்டஸ் தன் குடையை மாட்டியிருந்தார்.

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, காலை பத்தரை மணி. வெளியே ஆடிச் சாரல்.

நான் பிறந்த நெல்வயல் பக்கம் துப்பாக்கி என்பார்கள். ரப்பரும் மரச்சீனியும் விளைகிற இந்த மலையடிவாரத்தில் அது தோக்கு. செல்வதாஸின் தோக்கு ஒற்றைக் குழல். வாய்வழியாக மருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்து, ஈயக்குண்டு போட்டு, கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். கடைசியில் பின்பக்கம் ஒரு சின்னக் கேப்பு வைத்து விசையை இழுத்தால் வெடிக்கும். அவர் அப்பா பேரில் அறுபத்தெட்டில் வாங்கிய லைசென்ஸ், பிறகு அவர் பேருக்கு மாறியது. பயிர் பாதுகாப்புக்கு மட்டும் என்று அதில் போட்டிருக்கும்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ள தோக்கையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபிறகு திரும்ப வாங்க வேண்டும். நிரப்பிய மருந்தை இந்த மாதிரித் தோக்கிலிருந்து தோண்டி எடுப்பது சள்ளை. அதனால் ஒப்படைக்கப் போகிற அன்று காலையில் வீட்டுக்குப் பின்னால் அயனிமரத்தடி மண்ணைப் பார்த்து ஒரு வெடி போட்டுக் குழலைக் காலியாக்கிவிட்டுக் கொண்டு போவார்கள். அதற்கு எலக்‌ஷன் வெடி என்று பெயர். இந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்டபிறகு பேப்பரைப் பார்த்து எந்தத் தேர்தல் என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

இந்தத் தடவை அந்த வெடி போடப்படவில்லை. மார்ச் கடைசியில் செல்வதாஸ் நாகர்கோவிலில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தார். தோக்கைக் கொண்டுபோனது குவைத்திலிருந்து லீவில் வந்த ஷாஜன். நிறைத்த மருந்தோடு அது இரண்டே முக்கால் மாதம் ஸ்டேஷனில் இருந்தது. நிறைத்த மருந்தோடு திரும்பி வந்தது. ஜூன் பத்தொன்பதாம் தேதி காலையில், துரு அடைத்திருக்கிறதா என்று பார்க்க, செல்வதாஸ் எப்போதும் செய்கிறதுபோல் வெறும் கேப்பை மட்டும் வைத்துத் தட்டினார். முற்றத்தில் ரப்பர் ஷீட்டை அசைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்தாள் ஜாஸ்பின்.

அவள் ரப்பர் வெட்டுக்காரி. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன் இறங்கினால் எட்டு மணிக்குள் முந்நூறு மரம் வெட்டுவாள். பட்டையில் நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். கத்தியைக் கொஞ்சம் அழுத்தினால் மரத்துக்குக் காயம், அழுத்தாவிட்டால் பால் வராது. அந்தக் கணக்கு முழுவதும் இருந்தது போன இரண்டு விரலிலும்.

டைட்டஸ் ஒரு டைப் அடித்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தார்.

"நாலே வரிதான் மக்களே. வாசிக்கட்டா?"

"வாசியுங்க மாமா," என்றாள் ஜாஸ்பின்.

"'மேற்படி துப்பாக்கியைத் திரும்பப் பெற்ற பிறகு, பன்றி விரட்டுவதற்காக என் மாமனார் வீட்டில் வைத்து மருந்து நிரப்பினார். அதை மறந்து இயக்கியதில் எனக்குக் காயம் ஏற்பட்டது. வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. எனக்குப் புகார் எதுவும் இல்லை.' அவ்வளவுதான். கையெழுத்து போட வய்யாதுன்னா பெருவிரல் ரேகை போதும். மை நான் கொண்டு வந்திருக்கேன்."

"பெருவிரல் மிச்சம் இருக்கதுனால ரேகை வைக்கச் சொல்லுதியளா?"

"ஏன் பிள்ளே இப்பிடிப் பேசுத? ஸ்டேஷன்ல நான் மூணு நாள் நடந்து, கையக் கால பிடிச்சு வாங்கின வழி இது. வீட்டுக்குள்ள நடந்த விபத்துன்னா கேசு லேசா முடியும். ஒரு வருசம் களிஞ்சா லைசென்ச ஷாஜன் பேருக்கு மாத்திக்கிடலாம். அவனுக்கு போலீஸ் சர்டிபிக்கேட்டும் தடையில்லாம வரும், குவைத்துக்குப் போயிருவான். இல்லேன்னு வச்சுக்க, எலக்‌ஷன் சமயத்துல நெறச்ச தோக்க ஸ்டேஷனுக்குள்ள கொண்டு போனவன் ஆருன்னு கேப்பான். அப்பம் இவன் எங்க நிப்பான்?"

"மாமா தோக்க எப்பம் நெறச்சாரு?" கட்டிலில் இருந்த மாமனாரைக் காட்டிக் கேட்டாள் ஜாஸ்பின்.

"என்ன?"

"அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குல்லா, திரும்ப வாங்கின பொறவு நெறச்சாருன்னு. பதினெட்டாம் தேதி சாயங்காலம் தோக்கு வந்துது. அன்னைக்கு நெறச்சாரா, மறுநாளா? மருந்து எங்க வாங்கினாரு? ஒரு பொய்ய எழுதினாலும் நேரம் காலம் போட்டு ஒழுங்கா எழுதாண்டாமா?"

செல்வதாஸ் திரும்பினார். அவர் கண்ணில் இன்னும் கறுப்புக் கண்ணாடி. "நான் நெறச்சது ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொதநாளு. பன்னி கீழ்த்தட்டுல எறங்கிச்சு. வெடி வைக்கதுக்குள்ள ஓடிட்டு. அந்தால சுவருல மாட்டிட்டுப் போனேன். நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

"நீரு சும்மா இரும் மச்சான்."

"எதுக்குலே சும்மா இருக்கணும்? நாப்பது வருசம் எனக்க கையில இருந்த தோக்கு. ஒரு குருவிக்கு ஆபத்து உண்டா? வோட்டு கேட்டு வாறவனுக்க முன்னாலயும் பின்னாலயும் தோக்கு நடக்குது. எனக்க சுவருல கெடக்கது மட்டும் நாட்டுக்கு ஆபத்துன்னு புடுங்கிட்டுப் போறான். மூணு மாசம்! பன்னி பெண்டாட்டி பிள்ளையோட வந்து கிழங்கத் தோண்டித் தின்னிச்சு. காட்டு ஓரத்துல போர்டு வச்சிருக்கான், எல்லை தாண்டக் கூடாதுன்னு. பன்னி எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுது?"

டைட்டஸ் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"அது ஞாயம் மாமா," என்றாள் ஜாஸ்பின். "அதையும் எழுதுவோம். உங்களுக்க தோக்கு, உங்களுக்க வெளச்சல். காக்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் மாட்டேன்னு பறஞ்சனா? ஆனா எனக்க வெரலக் கடிச்சது பன்னியா?"

அவர் மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"குழல்ல மருந்து கெடக்கான்னு பாக்க என்ன செய்யணும் மாமா?"

"கம்பிய உட்டுப் பாக்கணும்."

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"மூணு எண்ணுக நேரம்."

"ஸ்டேஷன்ல பாத்தாங்களா?" கேள்வி இப்போது ஷாஜனிடம் போயிற்று.

ஷாஜன் தாடையை எடுக்காமல் சொன்னான்: "நம்பர் பாத்தாங்க. எண்ணெ போட்டுத் தொடச்சு, டார்ச் அடிச்சு, ரெண்டு தடவ வாசிச்சாங்க. லைசென்ஸ் புக்கோட ஒத்துப் பாத்தாங்க. பொறவு லெட்டரப் பாத்து ரசீது எழுதினாங்க."

"திரும்பக் குடுக்கும்போ?"

"அப்பமும் நம்பர்தான்."

"நம்பரா எனக்க கையில வந்து அடிச்சுது?" அவள் குரல் ஏறியது. "ஒரு இரும்பக் கொண்டு போறாங்க. அத வாங்கி வைக்கான். நாட்டுல கொழப்பம் வரக்கூடாதுன்னு பூட்டி வைக்கான். அந்த இரும்புக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் பாக்க மாட்டான். மூணு எண்ணுக நேரம் இல்ல. இப்பம் மூணு நாளு டைட்டஸ் மாமாவ நடக்க வச்சு, டைப் அடிச்சு, மையும் குடுத்து அனுப்ப மட்டும் நேரம் இருக்கு!"

"ரசீதுல காலின்னுதானே இருந்துது," என்றார் செல்வதாஸ் மெல்ல. "போலீசு எழுதினது. அத நம்பித்தான் நான் கேப்ப வச்சேன்."

"ரசீதுல ஏன் காலின்னு இருந்துது? லெட்டர்ல இருந்துது. லெட்டர எழுதினது ஆரு?"

அவள் என்னைப் பார்த்தாள். இதற்காகத்தான் என்னை வரச் சொன்னாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பைலையும் கொண்டு வாருங்கள் சார் என்று போனில் சொல்லியிருந்தாள். கொண்டு வந்திருந்தேன்.

நான் எழுதுகிற ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைப்பேன். ஆண்டுவாரியாக, நூல் கோத்து. முப்பத்தோரு வருஷப் பழக்கம், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. மார்ச் இருபத்தேழாம் தேதி நகலை எடுத்துப் பலகையில் வைத்தேன்.

"வாசியுங்க சார்."

வாசித்தேன். "'மேற்படி ஒற்றைக் குழல் துப்பாக்கி, வெடிமருந்து முற்றிலும் நீக்கப்பட்டு, காலியான நிலையில், தேர்தலை முன்னிட்டு இத்துடன் ஒப்படைக்கப்படுகிறது.'"

"நீங்க தோக்கப் பாத்தியளா?"

"இல்ல. ஷாஜன் அத பைக்குல துணி சுத்தி வச்சிருந்தான். நான் மேசைய விட்டு எழும்பல."

"காலியான்னு கேட்டியளா?"

"கேக்கல."

"பின்ன எப்பிடி எழுதினியோ?"

பத்தொன்பதாம் வருஷ நகலையும் இருபத்தொன்றாம் வருஷ நகலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே வரி. தேதியை மட்டும் மாற்றியிருந்தேன். "பழையதுல அப்பிடி இருந்துது," என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

"நல்ல கையெழுத்து சார் உங்களுக்கு," என்றாள்.

டைட்டஸ் எழுந்து நின்றுவிட்டார். "பாத்தியா? அவரு பாக்கல, அவன் பாக்கல, இவரு பாக்கல. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குத்தம். அதனாலதான் பறயுதேன், ஒரு ஆளு மேல போட்டு முடிச்சிருவோம். மச்சானுக்கு வயசாச்சு, அவரு தாங்கிக்கிடுவாரு."

"கொஞ்சம் கொஞ்சமாவா மாமா போச்சு எனக்கு?"

அடுக்களை வாசலில் கத்திச் சத்தம் நடந்துகொண்டேயிருந்தது. ஞானபாய் கிழங்கின் தோலை ஒரே சுருளாக உரித்துப் போடுவாள். அன்றைக்குத் தோல் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது.

ஜாஸ்பின் ஷாஜன் பக்கம் முழுவதும் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் கேக்கேன். எலக்‌ஷன் வெடி போடணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் நாற்காலி முதுகை நகத்தால் சுரண்டினான்.

"சின்ன வயசுல காத அடச்சிக்கிட்டு அந்த மரத்துக்குப் பின்னால நின்ன கதைய எத்தன தடவ எனக்கிட்ட பறஞ்சிருக்கிய. தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் போடல? ஒன்றர மாசமாக் கேக்கேன். ஆஸ்பத்திரியில வச்சுக் கேட்டேன். மறந்துட்டேன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதானா?"

"மறந்துட்டேன்."

"ஒங்க மூஞ்சி மறந்த மூஞ்சி இல்ல."

கத்திச் சத்தம் நின்றது.

"அவன் மறக்கல," என்றாள் ஞானபாய். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

"அக்கா!" என்றார் டைட்டஸ்.

"நீ இரிலே. அது பாடுகளின் வாரம். பெரிய வெள்ளிக்கு ரெண்டு நாளு முன்ன. கோயில்ல காலம்பற ஜெபம் நடக்கு. அவன் தோக்க எடுத்துட்டுப் பின்னால போனான். நான்தான் கையப் பிடிச்சு நிப்பாட்டினேன். ஆண்டவரு பாடுபட்ட வாரத்துல எனக்க வீட்டுலேந்து வெடிச் சத்தம் கேக்காண்டாம் மக்கா, அங்ஙனே கொண்டு குடு, அவங்களுக்குத் தெரியும் எடுக்கதுக்குன்னு சொன்னேன். அவங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். போலீசுக்குத் தெரியாத தோக்கா?" கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்க பேரு வெளிய வரக்கூடாதுன்னு அவன் வாயத் தொறக்கல. நான் தெனமும் உனக்குக் கஞ்சி கோரித் தந்தேன். உனக்க மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல முடியல."

ஓட்டிலிருந்து நீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஜாஸ்பின் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எழுதுங்க சார். கலெக்டருக்கு. நம்பர் போட்டு எழுதுங்க. ஒண்ணு, மாமா தோக்க நெறச்சு மாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. ரெண்டு, மாமி வெடி போட விடல. மூணு, எனக்க மாப்பிள நெறச்ச தோக்கக் கொண்டு போயிக் குடுத்தாரு, அங்க சொல்லவும் இல்ல. நாலு, மனு எழுதினவரு பாக்காம காலின்னு எழுதினாரு. அஞ்சு, ஸ்டேஷன்ல கம்பி விட்டுப் பாக்காம வாங்கினாங்க. ஆறு, பாக்காமலே திருப்பித் தந்தாங்க. ஏழு, மாமா பாக்காம கேப்பு வச்சாரு. எட்டு, டைட்டஸ் மாமா கொண்டு வந்த இந்தப் பேப்பர். இதயும் சேத்து வையுங்க."

டைட்டஸ் தாளைப் பிடுங்கப் பார்த்தார். அது ஏற்கனவே என் பைலுக்கு அடியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

"எழுதினா எனக்க சர்டிபிக்கேட் போச்சு. தெரியுமா உனக்கு?" ஷாஜன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தெரியும்."

"குவைத் போச்சு."

"போட்டும். ரெண்டு கையும் முழுசா இருக்குல்லா? எரநூறு மரத்துக்கு மேல வெட்டாம கெடக்கு. தலையில லைட்டக் கெட்டிக்கிட்டு எறங்குங்க."

"நான் ஒப்பு போட மாட்டேன்."

"உங்களுக்க ஒப்பு வேண்டாம். பேரு இருக்கு, அது போதும்."

"நீ வாழ்ந்துக்கிடுவியா பிள்ளே, இந்த வீட்டுல?" என்றார் டைட்டஸ். முளையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டிருந்தார். "பெரிய மனுசங்க சொல்லச் சொல்ல..."

"வாழ்ந்து காட்டுதேன். நீங்க நனையாம போங்க."

அவர் போனார்.

எழுதினேன். எட்டு இனங்களும் எட்டு பத்தியாக. நான்காவதை எழுதும்போது 'மனு எழுதுபவர்' என்று தொடங்கி, அடித்துவிட்டு, என் பெயரையும் தகப்பனார் பெயரையும் முகவரியையும் போட்டேன். 'பார்க்கவில்லை, கேட்கவில்லை, பழைய மனுவிலிருந்து பெயர்த்து எழுதினேன்' என்று எழுதினேன். என் மனு ஒன்றில் முதல் தடவையாக ஒரு வரிக்கு முன்மாதிரி இல்லை.

ஒன்பதாவதாக அவள் சொன்னது கோரிக்கை. தோக்கை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் உடையவர் முன்னால் குழலில் கம்பி விட்டுப் பார்த்து, அந்த அளவை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்சை ஷாஜன் பேருக்கு மாற்ற அவளுக்குச் சம்மதம் இல்லை என்பது பத்தாவது. "மாமாவுக்குத் தோக்கு வேணுமா வேண்டாமான்னு மாமா தனியா எழுதட்டு. அது அவருக்கது," என்றாள்.

"அளவு எப்படி எழுதணும்?" என்று செல்வதாசைக் கேட்டேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன்.

"காலியா இருந்தா கம்பி அடிமுட்டப் போவும்," என்றார் சுவரிடம். "குழலுக்கு வெளிய ஒரு விரக்கடதான் நிக்கும். நெறச்சிருந்தா..." வலது கையைத் தூக்கி விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "நாலு வெரலு..."

கை அப்படியே நின்றது. பிறகு அதை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டு எழுந்து, மழையைப் பார்க்காமல் பின்வாசல் வழியே இறங்கிப் போனார். அவர் கையெழுத்து அந்த மனுவில் இல்லை. அளவு இருக்கிறது.

ஜாஸ்பின் பேனாவை இடது கையில் வாங்கினாள். டைட்டஸ் விட்டுப்போன மைப்பெட்டி பெஞ்சில் இருந்தது. அதை முழங்கையால் தள்ளிவிட்டாள். 'ஜா'வுக்கே நெடுநேரம் ஆயிற்று. 'ஸ்' கோட்டை விட்டு இறங்கியது. 'பி' எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். முடித்தபோது மேலுதட்டில் வேர்வை.

அடுத்து ஞானபாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டாவது இனத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போட்டாள். பிறகு நான்.

கவரின் பசை மழைக் குளிரில் பிடிக்கவில்லை. அழுத்த அழுத்த வாய் திறந்துகொண்டது. போஸ்ட் ஆபீசில் பசை இருக்கும் என்றேன்.

"இருங்க அண்ணாச்சி," என்று ஞானபாய் வெளியே போனாள். ஜாஸ்பின் கை போனதிலிருந்து அந்த முந்நூறில் வீட்டுக்குப் பின்னால் உள்ள எண்பது மரத்தை மட்டும் அவள்தான் வெட்டுகிறாள், இந்த அறுபத்தோரு வயதில். ஒரு சிரட்டையில் அடியில் கிடந்த பாலோடு வந்தாள். சுண்டுவிரலில் தொட்டு, கவரின் வாயில் கோடாக இழுத்து, மடித்து, முழங்காலில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். காய்கிறவரை எடுக்கவில்லை. பிறகு என்னிடம் தராமல் மருமகளின் இடது கையில் கொடுத்தாள்.

"ஒட்டிட்டு. போயிட்டு வா. வரும்போ சாள மீனு கெடச்சா வாங்கு. கிழங்கு வேவ வச்சிருப்பேன்."

ஜாஸ்பின் மாமியை மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். கவரை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

தக்கலைக்கு பஸ்ஸில் போனோம். ஷாஜன் வரவில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் கவரை நிறுத்து, முகவரியை வாசித்து, ரிஜிஸ்டர் சீட்டை ஒட்டினார். முத்திரையை எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, கவரைத் திருப்பி, மூடிய வாயை நகத்தால் இழுத்துப் பார்த்தார். ஒரு முனை, நடு, மறு முனை.

"என்ன பாக்கிய?" என்று கேட்டாள் ஜாஸ்பின்.

"சரியா ஒட்டியிருக்கான்னு பாக்கேன். இல்லேன்னா வாங்கக் கூடாதும்மா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முத்திரையைக் குத்தி, கவரைப் பைக்குள் போட்டார்.